ஜாக்கியின் வயிறு

வெல்டருக்கு டேப் பிடித்து அளப்பது ஆகாது. சாண் வைத்துப் பார்த்தே தகடு வெட்டுவார், கேட்டால், "கையும் கண்ணும் எதுக்கு இருக்கு?" என்பார். மச்சினனின் பழைய டிராக்டருக்கும் அப்படித்தான் ஆயில் டேங்க் அடித்தார். ட்ரெய்லரைத் தூக்கிச் சாய்க்கிற ஜாக்கிக்குத் தனி டேங்க் வேண்டியிருந்தது. மட்கார்டுக்கு அடியில் கொஞ்சமும் துருத்தாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் தட்டிப் பார்த்து மெச்சினார்கள்.

இடத்தை அளந்த மனுஷன், ஜாக்கி எவ்வளவு ஆயில் குடிக்கும் என்று அளக்கவில்லை.

ஓட்டிப் பார்த்த அன்று ட்ரெய்லர் முக்கால்வாசி எழும்பி நின்றுவிட்டது. டேங்க் ஆயிலை ஜாக்கிக்குத் தள்ளுகிற பம்பு ஊளையிட்டது. ஆயில் மொத்தத்தையும் ஜாக்கி உறிஞ்சிவிட்டது, பம்பு வெறும் காற்றை இழுக்கிறது என்று வெல்டருக்கு உடனே புரிந்தது. டேங்க் சின்னது. எதிர்க்கடை டயர்காரர் வேறு இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் பத்தல மாப்ள. ஊத்து."

"தூக்குன நிலையிலயேவா மாமா? இறங்குறப்ப அந்த ஆயிலெல்லாம் திரும்பி வராதா?"

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? ஊத்துடா."

மச்சினன் கேனைக் கவிழ்த்தான். ஊற்ற ஊற்ற ட்ரெய்லர் உச்சிக்குப் போனது. அப்புறமும் டேங்கின் கழுத்துவரை நிரப்பி மூடியைப் போடச் சொல்லிவிட்டு, வெல்டரே லீவரை இறக்கினார்.

போன ஆயில் வீடு திரும்பியது. வீட்டில் இடமில்லை. மூடி தெறித்தது, மச்சினன் தலையிலிருந்து செருப்புவரை ஆயில்.

"என்னப்பா, வண்டியோட சேத்து டிரைவருக்கும் சர்வீஸா?" என்றார் டயர்காரர்.

சத்தம் கேட்டு வெல்டரின் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். தம்பியைப் பார்த்ததும் பொரிந்தாள். "ஒரு மூடியை இறுக்கத் துப்பில்லையாடா உனக்கு? அவரு கண்ணு எரிய எரிய வெல்டு வச்சது உனக்கு விளையாட்டா?"

"நான்தான் மூடி மரையைச் சரியா ஏத்தலக்கா" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பொய்க்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினான்.

வெல்டர் குனிந்து மூடியைத் தேடினார். மூடி அவர் காலடியிலேயே கிடந்தது. இருந்தும் தேடினார். அவள் திட்டி முடிக்கவில்லை. சின்ன வயதில் அவன் சைக்கிளைத் தொலைத்ததுவரை போய்விட்டாள்.

"அவன் மேல தப்பில்ல" என்றார், நிமிராமலே. "டேங்க் பத்தாது. பம்பு கத்துனப்பவே தெரியும்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சுதான் அவனைத் திட்டு வாங்க விட்டீங்களா?"

டயர்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சத்தமில்லாமல் தன் கடைக்குள் போய்விட்டார்.

மச்சினன் காதில் வழிந்த ஆயிலை விரலால் வழித்தான். "விடுக்கா. மாமா, இன்னும் எவ்வளவு பெருசு வேணும்?"

பட்டறையில் டேப் இல்லை. துணி தைக்கிற டேப்பை அவள்தான் எடுத்துவந்தாள். அவர் மண்டியிட்டு ஜாக்கியின் அடியில் ஒரு முனையை வைத்தார். ஆயில் கையில் அது வழுக்கி வழுக்கிப் போனது. மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.