மாதா சாப்பிட்ட களி

எனக்கு அலுத்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளைக்கு எதிரே தட்டை வைத்துவிட்டு, அவள் கை அதைத் தொடுமா தொடாதா என்று வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் இந்த அலுப்பு தெரியும்.

என் மகள் லூர்துமேரிக்குப் பதினெட்டு வயது. என்னோடு தையல் மிஷினில் உட்காருகிறவள். கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்தால், யேசு பாடுபட்ட கதையைப் பாஸ்கா நாடகமாகப் போடுவோம். வேஷம் கட்டுகிறவர்கள் நாற்பது நாளும் ஒருசந்தி இருக்க வேண்டும், நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. ஈஸ்டர் விடியலில் கோயில் முன்னால் கஞ்சி காய்ச்சுவார்கள். மாதா வேஷம் கட்டினவள் முதல் வாய் குடித்த பிறகுதான் ஊர் குடிக்கும். எண்பத்தாறில் அந்த மாதா என் மகள்.

அன்றைக்கு அவள் தம்ளரை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே இறக்கினாள். ஊர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு வெள்ளிக்கிழமை ஒருசந்தி என்றாள். புதனும் சேர்ந்தது. அப்புறம் கிழமைக் கணக்கே இல்லை.

பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "உன் வயித்துல ஒரு புனிதை பொறந்திருக்குது, ராஜமேரி!" எனக்குத் தலைகால் புரியவில்லை. போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். "என்ன புள்ள, இப்படிக் காஞ்சு கெடக்குது?" என்று கேட்டார். "பக்தியைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று அவர் வாயை அடைத்தேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட.

இந்த வருஷமும் அவளைத்தான் மாதாவாகப் போட்டார்கள். நாடகத்துக்கு அங்கியெல்லாம் தைக்கிறவள் நான்தான்; தன் அங்கியைத் தானே வெட்டிக்கொள்கிறேன் என்றாள். டேப்பே வேண்டாம் அவளுக்கு. ஆள் வந்து நின்றால் போதும், கண்ணாலேயே அளவு பிடித்து வெட்டிவிடுவாள், ஒரு விரற்கடை தப்பாது. வெட்டி முடித்த துணியை எடுத்து விரித்துப் பார்த்தேன். எனக்கே தொளதொளக்கும்.

"யாருக்குடி இது? எனக்கா?" என்று சிரித்தேன்.

"எனக்குத்தாம்மா. இதுவே இறுக்கிப் புடிக்குமோன்னு இருக்குது."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் சிரிப்பு அப்படியே செத்துப்போனது. ஊரில் எல்லோரையும் சரியாக அளக்கிற கண், தன்னை மட்டும் இவ்வளவு பெரிதாகப் பார்க்கிறது. இதில் பக்தி எங்கே இருக்கிறது?

டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அளந்தாள். மறுபடி அளந்தாள். டேப்பைத் திருப்பிப் பார்த்தாள். "இது நீண்டு போச்சும்மா, வேற டேப்பு குடு" என்றாள். வேறு டேப்பிலும் அதே அளவுதான். சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாளே தருமபுரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது விரதமில்லம்மா, வியாதி. மெரட்டாதீங்க, புகழாதீங்க. கொஞ்சங்கொஞ்சமா சாப்பாடு உள்ள போகணும். இல்லன்னா பொண்ணு தங்காது. வாராவாரம் கூட்டிட்டு வாங்க."

பஸ்ஸில் வரும்போது மாதாவிடம் வேண்டிக்கொண்டு ஒரு நேர்ச்சை வைத்தேன். அதை யாருக்கும் சொல்லவில்லை.

இறங்கியதும் நேராக நாடக வாத்தியார் சவுரியப்பனிடம் போனேன். "அண்ணா, மாதாவுக்கு இந்த வருஷம் ஒருசந்தி கெடையாது."

"வழக்கத்தை மாத்தச் சொல்றியா?"

"மாத்தலன்னா யேசுவுக்கும் அங்கி கெடையாது, யூதாசுக்கும் கெடையாது. அம்மணமா நடிக்கட்டும்."

மனுஷன் ஆடிப்போய்விட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். மீசையைத் தடவிக்கொண்டே, "புள்ளைக்கு நடிப்புன்னா உசுரு. அதை வச்சே புடிப்போம்" என்றார். மாதா வீட்டில் மகனுக்குச் சோறு போட்டுத் தானும் சாப்பிடுகிற காட்சி ஒன்றைப் புதிதாக எழுதினார். நம்மூர் மாதா என்ன சாப்பிடுவாள்? கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்தான். தினமும் ஒத்திகைக்கு நானே கிண்டி எடுத்துப் போனேன்.

முதல் வாரம் அவள் மென்று மென்று முந்தானையில் துப்பினாள். வாத்தியார் கத்தினார். "வாயி அசையுது, தொண்டை அசையல! முன்வரிசை ஜனம் பாத்துடும். மறுபடியும்!"

மறுபடியும், மறுபடியும். நடிப்பு சரியில்லை என்று ஒருத்தர் சொல்வதை அவளால் தாங்க முடியாது. ஒன்பதாம் நாள் அவள் தொண்டை அசைந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகச் சொன்னாள். "நான் சாப்புடலம்மா. மாதா சாப்புட்டா."

"சரி, மாதாவே சாப்புடட்டும்" என்றேன்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. சில நாள் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். சில நாள் தட்டை என்மேலேயே எறிந்தாள். டாக்டரம்மாவின் தராசு முள் ஒரு வாரம் ஏறும், மறு வாரம் இறங்கும். ஆனாலும் தபசு காலம் முடிவதற்குள் மாதா ஒரு உருண்டைக் களி சாப்பிட்டாள்.

நாடகம் முடிந்து ஈஸ்டர் விடிந்தது. அங்கியைக் கழற்றிவிட்டுத் தன் பாவாடை தாவணியில் வந்து நின்றாள். இப்போது அவள் மாதா இல்லை, வெறும் லூர்துமேரி. அதுதான் என் பயம். தம்ளரைக் கையில் கொடுத்தார்கள். ஊரே காத்திருந்தது. உதடுவரை கொண்டுபோனாள், போன வருஷம்போலவே நிறுத்தினாள். முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா."

கண்ணைத் திறந்தால் தம்ளர் என் முன்னால் நீண்டிருக்கிறது.

"உன் ரவிக்கையை மூணு தடவை உள்ள புடிச்சுத் தச்சிருக்க. நான் பாக்கலன்னு நெனச்சியா? எனக்காக நீ ஒருசந்தி கெடக்குற."

பஸ்ஸில் வைத்த நேர்ச்சை அதுதான். மகள் சாப்பிட வேண்டுமென்று தாய் பட்டினி கிடந்திருக்கிறேன். என்னைப்போல ஒரு முட்டாள் உண்டா?

"நீ ஒரு வாய் குடி. அப்பத்தான் நான் குடிப்பேன்."

"மாதாதான் முதல்ல..." என்று மிக்கேலம்மாள் ஆரம்பித்தாள். "சும்மா இரும்மா" என்று வாத்தியார் அதட்டினார்.

குடித்தேன். சூடாக இருந்தது, உப்புக் கம்மி. தம்ளரை வாங்கி அவள் ஒரு வாய் வைத்தாள். நான் அவள் வாயைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தேன். அசைந்தது.

"இது மாதா இல்லம்மா" என்றாள்.

மூன்று வாய்தான். நாலாவதுக்குத் தலையை ஆட்டிவிட்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. மத்தியானம் மறுபடி தட்டு வைக்க வேண்டும். மிச்சக் கஞ்சியை நானே குடித்து முடித்தேன்.