நீல எழுத்துக் கொட்டகை

எங்கள் சபையில் எங்கும் எழுதிவைக்காத ஒரு சட்டம் உண்டு. நல்லது நடந்தால் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். கெட்டது நடந்தால் துண்டுச் சீட்டில் ஜெபக் குறிப்பு எழுதி பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டுக் கம்மென்று உட்கார வேண்டும். என் மனைவி ஜெயசுதா வாரம் தவறாமல் சாட்சி சொல்லுகிற ஆள். நான் கதவோரம் உட்காருகிறவன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எழுந்ததில்லை. வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்பது என் கட்சி.

கச்சிராயபாளையம் போகிற ரோட்டோரம் எங்களுக்குக் கரும்புக் கொல்லை. முந்தாவருஷம் போர் போட்டபோது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து, துளை போட வந்தவனையே நனைத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சுதா சொன்ன சாட்சியில் பாதி சபை அழுதது. அதோடு விட்டாளா? மோட்டார் கொட்டகைச் சுவரில், ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி எழுதச் சொன்னாள். நீல பெயிண்ட் வாங்கி வந்து நானே எழுதினேன்: 'இது கர்த்தர் கொடுத்த தண்ணீர்'. இடம் போதாமல் கடைசி எழுத்து எலிக்குஞ்சு மாதிரி சிறுத்துப் போனது. சுவருக்குக் கீழே ஒரு குழாயும் வைத்தாள். வழிப்போக்கர்கள், கரும்பு வெட்ட கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், எல்லோரும் குடித்தார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

இந்தக் கோடையில் போர் காற்று வாங்க ஆரம்பித்தது. மோட்டார் ஓடும், குழாய் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். மெக்கானிக் இன்னும் ஆழமாகக் குழாய் இறக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். கரும்பின் தோகை சுருண்டு மஞ்சளானது.

பக்கத்துக் கொல்லை ராமசாமி டீக்கடையில் நாலு பேர் நடுவில் கேட்டார்.

"இன்னாப்பா கலையரசா, உங்க கர்த்தரு குடுத்தத ரிட்டன் வாங்கினு பூட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு டீ இறங்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்தேன்.

"அந்தச் சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிடலாம் சுதா. நமக்காவ சொல்லல. அவரு பேருதான் கெட்டுப்போவுது."

"தண்ணி வந்தப்ப அவரு பேர எழுதனோம். வத்துனதும் அழிச்சா ஊரு இன்னாங்க நெனைக்கும்? இவங்க தண்ணியத்தான் கும்புட்டாங்கன்னு நெனைக்கும்."

"கரும்பு சாவுது. உனக்குப் பேச்சப் பாரு."

"எனக்கு மட்டும் வலிக்கலியா?" என்றாள். குரல் உடைந்துபோனது.

மறுநாள் காலையில் ஊர்க்குழாயில் தண்ணீர் பிடித்து, மொபெட்டில் குடம் குடமாகக் கட்டிக்கொண்டு போய், அந்தச் சுவருக்குக் கீழே பானைகளில் ஊற்றி வைத்தாள். பழக்கத்தில் வருகிறவர்கள் தாகத்தோடு திரும்பக் கூடாதாம். தனக்கு மிஞ்சித்தான் தானதர்மம் என்று சும்மாவா சொன்னார்கள்? காய்கிற கரும்பைத் தாண்டி ஊருக்குத் தண்ணீர் சுமக்கிறவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சுவரைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் சுதா எழுந்தாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்க போர் தண்ணி விஷயமா சொல்லணும்..."

அவ்வளவுதான். எங்கள் சபையில் எழுந்தவர் என்றால் நன்மை பெற்றவர் என்றுதான் அர்த்தம். கீபோர்டு வாசிக்கிற பையன் கட்டையை அமுக்கிவிட்டான். பாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அல்லேலூயா! வத்துன போர்ல திரும்பவும் தண்ணி குடுத்துட்டாரு! கைதட்டி மகிமப்படுத்துங்க!" என்றார். தகரக் கூரை அதிர்ந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுதா எல்லாம் அடங்கும்வரை நின்றாள்.

"தண்ணி வர்ல பாஸ்டர்."

கீபோர்டு நின்றது.

"வத்துனது வத்துனதுதான். கரும்பும் போயிடும் போலக்குது. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா வந்தப்ப அவரு நல்லவருன்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். இப்பவும் அவரு நல்லவருதான். அத்த சொல்லத்தான் எழுந்தேன்."

உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் தட்டவில்லை. பாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இத ஜெபக் குறிப்புல வச்சிக்கலாம்" என்றார். பெண்கள் பக்கத்தில் யாரோ 'பாவம்' என்றது எனக்குக் கேட்டது. என் வீட்டைப் பார்த்துப் பாவம் என்று சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

மத்தியானச் சோறுகூடத் தின்னாமல் கொல்லைக்குப் போய், சுண்ணாம்பைக் கரைத்து, சுவர் முழுக்க அடித்துவிட்டேன். நீலம் தெரிகிற இடத்தில் எல்லாம் மறுபடியும் அடித்தேன். சாயங்காலம் குடத்தோடு வந்த சுதா சுவரைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று தயாராக நின்றேன்.

"பானைய நவுத்திட்டு அடிச்சிருக்கலாமேங்க. சுண்ணாம்பு தெறிச்சிருக்குது" என்று மட்டும் சொல்லி, பானைகளைக் கழுவி மறுபடியும் நிரப்பினாள். அவள் திட்டியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன்.

மறுநாள் பகலில் ராமசாமி எங்கள் கொட்டகை முன்னால் மொபெட்டைக் கோபமாக நிறுத்தினார்.

"எந்த மடையன்யா இந்தச் சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சது?"

"நான்தான்."

"என் கொல்லையில இன்னிக்கிப் புது ஆளுங்க கரும்பு வெட்டினு கீறாங்க. எங்க போர்லயும் சேறுதான் வருது. நீல எழுத்து கொட்டாவாண்ட பானை இருக்கும், போய்க் குடிங்கன்னு அனுப்பனேன். எழுத்தக் காணாம அலஞ்சிட்டு, வாய்க்கா குட்டையில குடிச்சிருக்காங்க. ஒருத்தன் வாந்தி எடுத்துக்கினு கீறான்!"

எனக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "டீக்கடையில சிரிச்சது நீங்கதான?" என்றேன்.

"சிரிச்சேன். தண்ணி வந்தா எவனும் சாமி பேர எழுதுவான், வத்துனா இன்னா பண்ணுவான்னு சிரிச்சேன்." குனிந்து பானையில் மொண்டு குடித்தார். "உன் சம்சாரம் வத்துனப்புறமும் ஊத்தினு கீது. இதப் பாத்து எவன் சிரிப்பான்? எழுதுப்பா மறுபடியும். சாயங்காலம் நானும் ரெண்டு கொடம் அனுப்பறேன்."

பழைய பெயிண்ட் டப்பா கொட்டகையிலேயே கிடந்தது. மேலே படிந்திருந்த ஆடையைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தேன். பின்னால் சுதாவின் மொபெட் வந்து நின்றது. பானையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த டவுன் பஸ் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்.

"இன்னாண்ணே, போர்ல தண்ணி வந்துடுச்சா?"

ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் என்னையே பார்த்தன.

"வர்ல!"

"அப்றம் இன்னாத்துக்கு எழுதற?"

நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவன் நான்.

"குடுத்தது அவருதான?" என்றேன். பஸ்ஸுக்குக் கேட்டிருக்காது என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

பஸ் போய்விட்டது. பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை இடம் விட்டிருந்தேன். கடைசி எழுத்தைப் பெரிதாகவே எழுதினேன்.