கண்ணாடிக்கு வெளியே ஓர் அங்கத்தவர்

1

இந்தக் கதை ஒரு வசனத்தின் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. தமிழாக்கித் தரும்படி ஒரு கைநூல் அனுப்பியிருந்தார்கள். அதில்: ‘குறைமாதக் குழந்தையின் தீவிர சிகிச்சைக் குழுவில் பெற்றோரும் அங்கத்தவர்களே.’ புதுசாய்க் கண்டுபிடித்தார்களாம்! கைநூலை மூடி வைத்துவிட்டு, டோறா மிஸி எனக்குச் சொல்லிப் பாதியில் நிறுத்திய கதையை எழுத உட்கார்ந்தேன். சண்டைக் காலத்தில் மட்டக்களப்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் அறைத் தாதியாக இருந்தவர் அவர்.

2

‘வாவி அன்று அமைதியாக...’

வெட்டு. இந்த ஊரில் பேனை எடுத்தவனெல்லாம் முதல் வரியிலேயே வாவிக்குள் விழுகிறான். எனக்கு அந்த நீச்சல் வேண்டாம்.

மறுபடி. பழுகாமத்து இராசாத்திக்கு ஏழாம் மாதத்திலேயே பெண்பிள்ளை பிறந்தது. ஓடத்தில் கொண்டுவந்து சேர்த்த புருஷன் சீனித்தம்பி, உடுப்பு எடுக்கப் போய் அக்கரையில் மாட்டிக்கொண்டான். ஆமி ஓடத்தை நிறுத்திவிட்டது. பிள்ளை கண்ணாடி அறைக்குள். இராசாத்தி வெளியே.

ஏன் வெளியே? டொக்டர் சொன்ன காரணம் கிருமி. இராசாத்தி விளங்கிக்கொண்டது துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு. பிள்ளை பெற்றவள் முப்பத்தொரு நாள் கழியும்வரை அடுப்படிக்கே போகமாட்டாள். மெஷின் இருக்கிற அறைக்குள் விடுவார்களா? ஆஸ்பத்திரியும் துடக்குப் பார்க்கிறது என்று அவளுக்கு உள்ளூர மரியாதை.

[இவளை இவ்வளவு வெகுளியாக எழுதலாமா? அழித்துப் பார்த்தேன். அழித்தால் கதையே இல்லை.]

3

ஊரடங்கு. கரண்ட் இல்லை, ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லை, டொக்டர் வர வழியில்லை. பிள்ளை படுத்திருந்த சூட்டுப்பெட்டி ஆறிப்போனது. டோறா கதவைத் திறந்தார்.

“உள்ளுக்கு வா கா.”

“ஐயோ மிஸி, எனக்குத் துடக்கு!”

“துடக்கும் மண்ணாங்கட்டியும்! பிள்ளைக்குக் குளிருது. சட்டையக் கழத்து.”

தாயின் நெஞ்சில் பிள்ளையைப் போட்டுச் சீலையால் சுற்றினார். “இது மூச்சு விட மறந்திடும். மறந்தா உள்ளங்கால்ல சுண்டு.”

இராசாத்தி சுண்டினாள். சுண்டிச் சுண்டித் திட்டினாள். “மூச்ச விடன்டி, மூதேவி! உன்ட அப்பன் வந்தா என்னட்டயல்லோ கேப்பான்!” ஊரடங்கு முடியும்வரை பிள்ளை ஏச்சு வாங்கிக்கொண்டு மூச்சு விட்டது.

[டோறாவை நல்லவராக்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். அதுவரை இராசாத்தியை வெளியே நிறுத்தியவரும் இவர்தான்.]

4

ஊரடங்கை எடுத்தார்கள். கரண்ட் வந்தது, டொக்டரும் வந்தார். “ஆர் இவவை உள்ளுக்கு விட்டது?”

இங்கே இராசாத்தியைச் சண்டை பிடிக்க வைத்தேன். ‘நான் போகமாட்டன் ஐயா, இது என்ட...’

அப்படி நடக்கவில்லை. தன்னுடைய துடக்கு டொக்டர் ஐயாவுக்கும் பட்டுவிட்டதே என்று பயந்து, பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். டோறா பிள்ளையைப் பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

பின்னேரம் இராசாத்தி கண்ணாடியில் தட்டினாள். “மிஸி, பிள்ள மூச்ச மறந்திட்டு! கால்ல சுண்டுங்க!”

உள்ளே நின்ற தாதி, தாய் என்றால் அழத்தான் செய்வாள் என்று, போய் இரு எனக் கை காட்டினார். அது வேறொரு தாதி என்று டோறா சொன்னார். நான் நம்பவில்லை. ஆனாலும் அப்படியே எழுதுகிறேன்.

“பிறகு, மிஸி?” என்று டோறாவைக் கேட்டேன்.

“தேத்தண்ணி ஆறுது, குடி” என்றார்.

5

முடிவு ஒன்று: தாதி திரும்பிப் பார்த்தார், பிள்ளை பிழைத்தது, சீனித்தம்பி ஓடத்தில் வந்திறங்கினான். பொய் நாறுகிறது.

முடிவு இரண்டு: முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தார்கள், வெறும் தொட்டிலை... இதற்குக் கை வரவில்லை.

நான் எழும்புகிறேன். அந்தக் கைநூலின் அங்கத்தவர் இன்னும் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே இப்போது நிற்பது நீங்கள். வாசித்தது போதும், அந்தக் காலில் சுண்டுங்கள்.