நெல்லோவின் வீடு

லிவோர்னோ துறைமுகத்தில் ஒரேஸ்தே பந்தேக்கியைத் தெரியாதவர் கிடையாது. இரண்டு முறை இத்தாலியின் வாள்வீச்சு சாம்பியன். தொழிலால் கட்டடக் கலைஞன். இரண்டு முறையும் இறுதிச் சுற்றில் அவனிடம் தோற்றவன் அவன் உயிர்த் தோழன் நெல்லோ. தோற்ற கையோடு அவனை இழுத்துக்கொண்டு போய் மீன் குழம்பு வாங்கிக் கொடுத்தவனும் நெல்லோதான்.

நெல்லோவுக்குக் கல்யாணமானதும் ஒரேஸ்தே வீடு கட்டிக் கொடுத்தான்.

"வாள்ல ஜெயிச்சுட்டே, போ. வீட்டுல ஒரு விரிசல் விட்டுதுன்னா, ஊரைக் கூட்டி உன் மானத்தை வாங்கிடுவேன்டா!"

"குண்டு போட்டாலும் நிக்கும்டா."

போர் வந்தது. 1943 மே மாதம் நெல்லோவின் மனைவி இனேஸ், நோயாளித் தாயைப் பார்க்கக் கிராமத்துக்குப் போயிருந்தாள். மகள் ஆதாவோடு தானும் அங்கேயே போய்விடலாமா என்று நெல்லோ கேட்டான்.

"குழந்தையை வெச்சுக்கிட்டு ரோட்டுல மாட்டிக்காதே. அபாயச் சங்கு ஊதினா நேரா நிலவறைக்குப் போ. நான் கட்டினது, எனக்குத் தெரியாதா?" என்றான் ஒரேஸ்தே.

மறுநாள் பகலில் விமானங்கள் வந்தன. தெருவே தரைமட்டமானது, நெல்லோவின் வீடு மட்டும் நின்றது. ஒரேஸ்தே ஓடிவந்து அதைப் பார்த்ததும் சிரித்தேவிட்டான். கீழே இறங்கினான். நிலவறையில் தண்ணீர் நிறைந்திருந்தது. அழகு கெடக் கூடாதென்று அவன் சுவருக்குள் மறைத்திருந்த பெரிய குழாய் வெடித்திருந்தது. உள்பக்கம் திறக்கும் கதவைத் தண்ணீர் அழுத்திப் பிடித்திருந்தது. மகளைத் தோளில் தூக்கிவைத்தபடியே நெல்லோ இறந்திருந்தான். தோளிலிருந்த ஆதாவும்.

அதன்பின் ஒரேஸ்தே வாளைத் தொடவில்லை. போர் முடிந்து தேசிய அணிக்குத் தலைமை ஏற்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

ஒருநாள் இனேஸ் அவன் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அந்த வீட்டை இடிச்சுக் குடுங்க."

"இனேஸ், நான்..."

"மன்னிப்பு கேக்காதீங்க. கேட்டா நான் மன்னிச்சாகணும். என்னால முடியாது. அவர் கிளம்ப மூட்டை கட்டி வெச்சிருந்தாரு, தெரியுமா? கடைசிக் கடுதாசியில எழுதியிருந்தாரு. நீங்க சொன்னீங்கன்னு அவிழ்த்து வெச்சாரு."

அவனே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான். காலையிலிருந்து அடித்தும் பக்கவாட்டுச் சுவர்கூட அசையவில்லை. இனேஸ் எதிர்ப்புறம் கறுப்பு உடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எந்தப் புண்ணியவான் சார் கட்டினது? அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்!"

ஒரேஸ்தே அவரிடமிருந்து சம்மட்டியை வாங்கினான்.

"நான்தான்" என்றான்.

மேஸ்திரியின் சிரிப்பு நின்றது. அவர் ஆட்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரேஸ்தே அடிக்க ஆரம்பித்தான். முதல் சுவர் விழ மதியமாகிவிட்டது.