எடைமேடையில் இறக்கிய ஆள்

ஒரு மீன் செதிலைக்கூட நாக்கில் வைக்காமல், ஒரே வருடத்துக்குள் என் உடம்பிலிருந்து ஒரு முழு ஆம்பளையை இறக்கி வைத்தவன் நான். மீசை, முழங்கால் வலி, வாய்க்கொழுப்பு எல்லாம் சேர்த்து நாற்பது கிலோ ஆம்பளை. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சாட்சிகள் இரண்டு. ஒன்று, அறுபது டன் தாங்கும் லாரி எடைமேடை. இன்னொன்றை இனிமேல் கூப்பிட முடியாது.

அந்த எடைமேடையின் கண்ணாடி அறையில்தான் என் வேலைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். லாரி பாரத்தோடு இரும்புத் தகட்டில் ஏறும், எடை போடுவேன். சரக்கைக் கொட்டிவிட்டுக் காலியாக வரும், மறுபடி போடுவேன். கழித்தால் சரக்கு. எழுந்து நடக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. கையெட்டும் தூரத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பலகாரக் கடை. ஓய்வு பெறும் நேரத்தில் நான் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்தது. என் ரத்த அழுத்தத்தை அளந்த கம்பெனி டாக்டர், கருவி கெட்டுவிட்டதென்று இன்னொன்று வரவழைத்தார். அதுவும் கெட்டுப்போனது.

என் தம்பி லாரி ஓட்டியவன். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் வண்டியைத் திருப்ப இடமிருக்கிறதா என்று பார்த்தானே தவிர பெண்ணைப் பார்க்கவில்லை. கடைசியில் லாரியோடு குடித்தனம் நடத்தினான். லாரிப் பேட்டையில் அவனுக்கு ‘பிரேக்’ என்று பெயர். வண்டியில் அவன் பிரேக் மிதித்து யாரும் பார்த்ததில்லை. என் பேச்சில்தான் மிதிப்பான். “நேத்து மட்டும் இருநூறு வண்டி போட்டேன்” என்று நான் ஆரம்பித்தால் போதும், “எழுபது” என்று எங்கிருந்தோ அவன் குரல் வரும்.

அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது எங்கள் வீட்டுக் கீழறைக்குக் கொண்டுவந்தோம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போகும்போது எடை பார்ப்பார்கள், முடிந்ததும் எடை பார்ப்பார்கள், கழித்தால் உடம்பிலிருந்து எடுத்த தண்ணீர். “பாத்தியாண்ணே, என்னையும் லோடு வண்டியாக்கிட்டாங்க. உன் வேலையை வேற ஆளு பாக்கறான்” என்றான்.

சோதித்துப் பார்த்ததில் என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தியது. நான் அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் ஆடிய ஆட்டத்தில் மூன்றாம் மாடிக்கு விரிசல் விழுந்திருக்கும். டாக்டர் என்னை உட்கார வைத்தார்.

“பொருந்துது, சரி. ஆனா இந்த எடையிலயும் இந்த பிபியிலயும் உங்களை நான் மேஜையில படுக்க வைக்க மாட்டேன். ஒருத்தரைக் காப்பாத்தப் போய் ரெண்டு பேரைப் பறிகொடுக்க முடியாது. நூத்திப் பன்னண்டு கிலோ இருக்கீங்க. தொண்ணூறுக்குக் கீழ வாங்க. பிபி அடங்கட்டும்.”

“எப்போதைக்குள்ள டாக்டர்?”

“அவர் இதயம் ஏற்கெனவே தளர்ந்திருக்கு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு.”

தம்பி சக்கர நாற்காலியில் இருந்தபடியே கையைத் தூக்கினான். “டாக்டர், வேற ஆளு பாருங்க. இவரு எடை குறைக்கறதுக்குள்ள நான் செத்து, பொறந்து, லைசென்ஸே எடுத்துருவேன்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எடைமேடைப் பக்கம் டாக்சியை விடச் சொன்னான். என் இடத்தில் இப்போது ஒரு பெண் ஆபரேட்டர் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். “இவரை ஏத்தும்மா” என்றான் தம்பி. நான் தகட்டில் ஏறி நின்றேன். எடை காட்டும் பெட்டியில் நூற்று இருபது என்று விழுந்தது.

“ஆஸ்பத்திரியில நூத்திப் பன்னண்டுதானே? எட்டு கிலோ அநியாயமா ஏத்துது!” என்று கத்தினேன்.

“சார், இது இருபது இருபது கிலோவாத்தான் காட்டும், நடுவுல இருக்கறதைப் பக்கத்து எண்ணுக்குத் தள்ளிரும். உங்களுக்குத் தெரியாததா?” என்றாள் அவள்.

தம்பி சிரித்தான். “காலம் பூரா எங்களை அளந்தியே, வாங்கிக்கோ. ஆஸ்பத்திரித் தராசு, வீட்டுத் தராசு, உன் வாய் எதையும் நம்ப மாட்டேன். இந்தப் பெட்டியில எண்பது விழட்டும். அன்னைக்கு ஒத்துக்கறேன்.”

சிரித்தானே தவிர, வீடு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கும்போது மெதுவாகச் சொன்னான். “ஆசை காட்டாதண்ணே. நீ சொல்றதை நம்பி எத்தனையோ தடவை ஏமாந்திருக்கேன், சிரிச்சிருக்கேன். இந்தத் தடவை ஏமாந்தா சிரிக்க முடியாது.”

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகப் பெண் ஒருத்தி இருந்தாள். எடுத்ததுமே “மீன் நிறைய சாப்பிடுங்க” என்றாள்.

“மீன்தாம்மா என்னைச் சாப்பிடும்” என்றேன். சிறுவயதில் ஒரே ஒரு இறால் தின்று உதடு லாரி டயர் மாதிரி வீங்கி, மூச்சு அடைத்து, என்னைப் பாயில் கிடத்தி அழவே ஆரம்பித்துவிட்டார்கள். கடல் சமாச்சாரம் எதுவும் எனக்கு ஆகாது. அவள் யோசித்தாள். சரி, பயறு, பீன்ஸ், கொண்டைக்கடலை, தோலுரித்த கோழி, முட்டை வெள்ளை, கொழுப்பெடுத்த தயிர் என்று வரிசையாகச் சொன்னாள். மீனில் இருக்கும் நல்ல கொழுப்புக்குப் பதில் ஆளிவிதையும் வால்நட்டும். தட்டில் பாதி காய்கறி. உப்பு, நாள் முழுவதற்கும் ஒரு சின்னக் கரண்டிக்குள், அதிலும் குறைந்தால் நல்லது. தினமும் நடை.

நான் தலையாட்டினேன். ஆனால் காலமெல்லாம் ஏறும் பாரத்தை அளந்தவன் புத்தி எங்கே போகும்? உள்ளே போகிற எடைதானே உடம்பில் ஏறும்! வீட்டுத் தராசைச் சமையல் மேடையில் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஒரு வெள்ளரிக்காய் கால் கிலோ. தர்பூசணித் துண்டு அரைக் கிலோ. ஒரு பாக்கெட் உருளை சிப்ஸ்? முள் அசையவே இல்லை. சூப் பொடி, உப்பு பிஸ்கட், பொரி உருண்டை, எல்லாம் இறகு மாதிரி. ‘கனமான’ கீரையையும் பீன்ஸையும் ஒதுக்கிவிட்டு, இறகுகளாகத் தின்று தீர்த்தேன். தாகம் எடுத்தது. தண்ணீர் கனம் என்று அதையும் குறைத்தேன்.

“என்னங்க, முகமெல்லாம் உப்பியிருக்கு” என்றாள் வீட்டுக்காரி.

“அது தேஜஸ்” என்றேன்.

அடுத்த முறை போனபோது எடை கூடியிருந்தது. ரத்த அழுத்தம், அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் எட்டாத மாடிக்குப் போயிருந்தது. ஆலோசகப் பெண் நான் தின்றதையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. கடைசியில் சொன்னாள்: “சார், நீங்க லாரி இல்ல. காயில இருக்கற கனம் பூரா தண்ணி, அது வெளிய போயிரும். இந்த சிப்ஸுல இருக்கற எண்ணெயும் உப்பும்தான் தங்கும். உப்பு தண்ணியப் புடிச்சு வெச்சுக்கும், பிபி ஏறும். ஒரு மாசத்தை வீணாக்கிட்டீங்க.”

அந்த ஒரு மாசம் என் கணக்கில் மட்டும் போகவில்லை. கீழறையில் தம்பி ஒரு தலையணையில் படுத்தவன் இரண்டு வைத்துக்கொண்டான். பிறகு மூன்று. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று பாதி உட்கார்ந்தே தூங்கினான்.

அப்புறம் நான் தின்ற கீரையின் கணக்கைக் கேட்டால் ஆட்டு மந்தைகள் என் மேல் வழக்குப் போட்டிருக்கும். வீட்டுக்காரி எலுமிச்சையும் மிளகும் பூண்டும் சீரகமும் வைத்து உப்பை ஏமாற்றினாள். முதல் வாரம் எதை வாயில் வைத்தாலும் காகிதம். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தை நக்கிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம் ஒரு நாள் வெறும் தக்காளியில் இவ்வளவு ருசி இருக்கிறது என்று தெரிந்தது. அதைத் தம்பியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

“எனக்குத் தக்காளி ஆகாதுண்ணே” என்றான்.

அதுதான் எங்கள் சாப்பாட்டு மேஜையின் கொடுமை. எனக்கு மருந்தென்று சொன்ன வாழைப்பழம், கீரை, தக்காளி, பயறு எல்லாம் அவனுக்கு விஷம். அவனுடைய சிறுநீரகத்தால் அவற்றில் உள்ள பொட்டாசியச் சத்தை வெளியேற்ற முடியாது, ஏறினால் நெஞ்சு நின்றுவிடும். ஒரே மேஜை, எதிரெதிர்த் தட்டு. எனக்குத் தட்டு நிறைய. அவனுக்கு இரண்டு பிடி. எனக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும். அவனுக்கு நாள் முழுக்க மூன்று டம்ளர். உப்பில்லாதது ஒன்றில்தான் இரண்டு பேரும் சமம்.

“உன் விஷத்தையெல்லாம் நான் திங்கறேன்டா. ஊரே என்னை வீரன்னு சொல்லுது” என்பேன்.

“ஊருல யாரு?”

“உங்க அண்ணி.”

“அண்ணி சொல்லியிருக்க மாட்டாங்க.”

“சொல்லலை தம்பி” என்பாள் அவள், அடுப்படியிலிருந்து.

காலையில் தெருவை நடந்து தேய்த்தேன். நான் போகிற வழியில் தார் ரோடே இரண்டு அங்குலம் இறங்கியது என்று அவனிடம் சொன்னேன். “முனிசிபாலிட்டி தோண்டியிருப்பான்” என்றான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன், அதைக் காட்டினேன். “ஆணியால எங்க வேணாலும் ஓட்டை போடலாம்” என்றான். வீட்டுத் தராசைக் கீழறைக்கே தூக்கிப் போய் அவன் கண்முன்னால் ஏறி நின்றேன். “முள்ளைத் திருப்பி வெச்சிருப்ப. லாரியில எடையைக் கூட்ட குறைக்க நாப்பது வழி எனக்குத் தெரியும். அதுல பாதி உன்கிட்ட மாட்டினதால தெரிஞ்சது.” ஆனால் நான் இறங்கின பிறகு அவன் கண் அந்தத் தராசின் மேலேயே இருந்ததைப் பார்த்தேன்.

டயாலிசிஸ் நடுவில் ஒரு நாள் அவனுக்கு நெஞ்சு வலித்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். நான் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு எல்லாம் டப்பாவில் எடுத்துப்போய் அவன் கட்டில் பக்கத்திலேயே தின்றேன். ஒரு கரண்டி கூடினாலும் பார்த்துவிடுவான்.

எண்பத்தெட்டு கிலோ வந்த நாளில் ரத்த அழுத்தமும் இருபது வயசுப் பையனுடையது மாதிரி இருந்தது. நர்ஸ் இரண்டு முறை அளந்தாள். நான் டாக்டர் அறைக்குள் நடக்கவில்லை, மிதந்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கி முடித்த பிறகும் விடவில்லை.

“நீங்க செஞ்சதை என் நோயாளிங்க யாரும் செஞ்சதில்ல” என்றார். “ஆனா நேத்து அவர் இதயத்தைப் பார்த்தோம். பம்ப் பண்ற சக்தியே இல்ல. மயக்க மருந்தையே தாங்க மாட்டார். ஆபரேஷன் பண்ண முடியாது.”

“இன்னும் பத்து கிலோ குறைக்கறேன் டாக்டர்” என்றேன். “இருபது கூடக் குறைப்பேன். ஒரு வாரம் டைம் குடுங்க.”

“உங்ககிட்ட இனிமே குறைக்க ஒண்ணுமில்ல” என்றார்.

வார்டுக்குப் போனபோது தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். “காலையிலயே சொல்லிட்டாங்க. உன்கிட்ட அவங்களே சொல்லட்டும்னு சொன்னேன். நான் சொன்னா நம்ப மாட்ட.”

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு வருடத்துக்கு முன் உட்கார்ந்திருந்தால் கட்டில் கிறீச்சிட்டிருக்கும். இப்போது சத்தமே வரவில்லை.

“எடைமேடைக்குக் கூட்டிட்டுப் போ” என்றான்.

“இப்ப எதுக்குடா?”

“பந்தயம் பந்தயந்தான்.”

டாக்டர் தடுக்கவில்லை. அதிலிருந்தே எனக்கு மிச்சமும் புரிந்துவிட்டது. வீட்டுக்காரி முன்சீட்டில், நாங்கள் இருவரும் பின்னால். டாக்சியில் அவன் தலை என் தோளில் ஆடியபடி வந்தது; அதற்குக்கூடக் கனமில்லை.

ஆபரேட்டர் பெண் ஒரு லாரியை ஓரம்கட்டச் சொல்லிவிட்டு எங்களுக்குத் தகட்டைக் காலி செய்து கொடுத்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தம்பி அதிகாரம் செய்தான்.

“செருப்பைக் கழட்டு. பாக்கெட்டைக் காலி பண்ணு. அந்தக் கண்ணாடிக் கூடும் வேண்டாம், எடு. ஓரத்துல நிக்காத, தகட்டுக்கு வெளிய ஒரு காலை வைக்கிற வேலையெல்லாம் எனக்குத் தெரியும். நடுவுல. கையைத் தூக்கு.”

தகட்டின் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். காத்திருந்த லாரியின் டிரைவர் ஹாரன் அடிக்காமல் பார்த்தான்.

“எண்பது சார்” என்றாள் அவள், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

தம்பி நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஜன்னலருகே போய்ப் பெட்டியை எட்டிப் பார்த்தான். பிறகு, “என்னையும் ஏத்து” என்றான்.

அவனை இரு கையாலும் தூக்கித் தகட்டில் நிறுத்தினேன். “விடு” என்றான். விட்டேன். கால் நடுங்கியது, ஆனால் நின்றான். வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“நாப்பது” என்றாள் ஆபரேட்டர் பெண்.

ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார வைத்ததும் மூச்சு வாங்கினான். மூச்சு அடங்கியதும் விரலை மடக்கினான்.

“நூத்தி இருபது. இப்ப எண்பது. நாப்பது இறங்கியிருக்கு. நான் எவ்வளவோ, அவ்வளவு.”

வாழ்க்கையில் முதல் முறையாக நான் குறைத்துச் சொன்னேன். “இல்லடா. இருபத்தி நாலுதான். இது இருபது இருபதாக் காட்டுது. ஆஸ்பத்திரித் தராசுல நீ கூட நாப்பத்தெட்டு இருக்கடா.”

தம்பி தலையை அசைத்தான்.

“மேடை பொய் சொல்லாதுண்ணே. நாப்பதுதான். எவனாவது நம்பலைன்னா, பிரேக்கே பாத்து ஒத்துக்கிட்டான்னு சொல்லு.”