மாரிசெல்விக்கு ஒரு சுமைதாங்கி

குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே உடைந்து கிடந்தது. பிரசிடெண்ட் செண்பகராஜிடம் சொல்லிச் சொல்லி ஊருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அப்புறம் வீட்டுக்கு வீடு மஞ்சக்காமாலை. முதலில் படுத்தவர் பிச்சையா. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார். எழுந்து பருத்திக் காட்டுக்குப் போய்விட்டார்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மாரிசெல்விக்குக் கண் மஞ்சளித்தபோதும் அவர் அசரவில்லை.

“விளாத்திகுளம் ஆஸ்பத்திரில காட்டுவமா?” என்றாள் மனைவி சொர்ணத்தாய்.

“எதுக்கு? போறவளுவள எல்லாம் வயித்தக் கிழிச்சுத்தான் அனுப்புதானுவ. என்னைய எந்த டாக்டர் பார்த்தான்? நான் எந்திரிக்கலயா?”

“யம்மா, என்னையும் பருத்தி எடுக்க அனுப்பப் பாக்காவ அப்பா” என்று சிரித்தாள் மாரிசெல்வி. மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்தைக் குடித்தாள்.

அந்த வாரத்துக்குள்ளேயே பேச்சுக் குழறியது. பெற்றவளைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டாள். அப்போதுதான் பிச்சையா கார் தேடி ஓடினார். காரைப் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

“எனக்கும் இதேதாம்மா வந்துச்சு. அரைச்சுக் குடிச்சேன், போயிட்டு” என்றார் டாக்டரம்மாவிடம்.

“நீங்க குடிக்காட்டியும் போயிருக்கும் பெரியவரே. இது தண்ணியில வர்ற ஹெபடைடிஸ் ‘ஈ’ங்கற கிருமி. அதுலயே பல வகை. நம்ம பக்கம் பரவுறது பொல்லாத வகை. மத்தவங்களப் பெரும்பாலும் விட்டுரும். மாசமா இருக்கறவங்களப் பிடிச்சா ஈரலையே தின்னுரும்.”

“முன்னாடியே வந்திருந்தா?”

“பார்த்திருப்போம். பிழைச்சிருப்பான்னு சொல்ல முடியாது.”

மறுநாள் வயிற்றுப் பிள்ளையோடு மாரிசெல்வி போய்விட்டாள்.

செத்த வீட்டுக்கு மாலையோடு வந்தான் செண்பகராஜ். வயிற்றுச் சுமையோடு போனவள் பேரில், வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்கக் கல் நடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

“அண்ணாச்சி, பஸ் ஸ்டாப்புல ஒரு சுமைதாங்கி நட்டுருவோம். எஞ்செலவு. மக பேரப் பெருசா வெட்டி, கீழ உபயம்னு எம்பேரு.”

“குழாய ஒட்டத் துட்டு இல்லன்னு சொன்ன வாயிதானலே இது? கல்லுக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு?”

பிரசிடெண்டையா ‘லே’ போடுவது என்று சொந்தக்காரர்கள் பிச்சையாவைத்தான் பிடித்து இழுத்தார்கள். அவர் திமிறினார்.

மகள் தலைமாட்டில் இருந்த சொர்ணத்தாய் நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள்.

“நட்டுட்டுப் போவட்டும். அவன் பேருக்குக் கீழ ஒங்க பேரையும் வெட்டச் சொல்லுங்க.”