பெட்டிக்குள் போகாத தேனீக்கள்

அந்தப் பாலைவன ஊரில் தேனீக்கள் புது வீடுகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புது வீட்டுச் சுவர் காலையிலேயே தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். பழைய வீடுகள் அப்படியல்ல. முழங்கை நீளத்துக்குத் தடித்த மண்சுவர், உள்பக்கம் பலகை, இரண்டுக்கும் நடுவே குளுகுளுவென்று ஓர் இடைவெளி, ஜன்னலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் ஏர்கூலர். பொந்துள்ள மரம் ஒன்றுகூட இல்லாத ஊரில் இதைவிட நல்ல வாடகை வீடு எந்தப் பூச்சிக்குக் கிடைக்கும்?

தையற்காரம்மாவின் வீடும் அப்படித்தான். தையல் அறைச் சுவருக்குள் ஒரு கூட்டம் குடியேறி, மெஷினோடு போட்டி போட்டு ரீங்கரித்தது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. மேசையில் சீருடைத் துணி மலையாகக் கிடக்க, அந்தம்மா உள்ளே நுழைய முடியாமல் கதவுக்கு வெளியே நின்றார்.

"மதியம் வரைக்கும் பாருங்க. உயிரோட எடுத்துட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். இல்லேன்னா மருந்துதான். எனக்கு வேற வழியில்லை" என்று, கூட்டை எடுத்துப் பெட்டியில் வைக்க வந்திருந்த தேனீக்காரரிடம் சொல்லிவிட்டார்.

அந்த மருந்து ஏற்கெனவே வந்து ஜன்னலுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தது. முதுகில் மாட்டும் டேங்க்கோடு வந்திருந்தவன் வேறு யாருமில்லை, தேனீக்காரரின் சொந்த மச்சான், மனைவியின் தம்பி. பூச்சிமருந்து அடிப்பது அவன் பிழைப்பு. மாமா தோற்றால் மச்சானுக்கு வேலை. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் ராத்திரி சோறு போடப்போவது ஒரே கை என்பதால், இருவரும் சண்டையை வாயோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"என்ன மாமா, சுவருக்கு நாடி பிடிச்சுப் பார்க்கிறீங்களா? பிழைச்சுக்குமா?"

தேனீக்காரர் பலகை மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். தேனீக் குஞ்சு வளரும் இடம் கதகதப்பாக இருக்கும். வெயில் சுவரில் ஏறிவிட்டால் எல்லாமே கதகதப்புதான், அப்புறம் ஒன்றும் தெரியாது.

"மாப்ளே, நீ டேங்க்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒரு தூக்கம் போடு. நான் எழுப்பவே மாட்டேன்."

பலகையைக் கழற்றிப் புகை காட்டினார். உள்ளே ஆளுயரத்துக்குத் தேனடைகள் வரிசையாகத் தொங்கின. குஞ்சுள்ள அடைகளை அறுத்து, மரச்சட்டத்துக்குள் வைத்து, ரப்பர் பேண்டு போட்டுப் பெட்டிக்குள் இறக்கினார். ராணியை மட்டும் இன்னும் காணவில்லை.

"அந்த ராணி எப்படி இருக்கும்?" என்றான் மச்சான், தூக்கம் வராமல்.

"நீளமா இருக்கும். உங்க அக்கா நடக்கிற மாதிரி நடக்கும். அவசரமே இருக்காது, மத்ததெல்லாம் தானா வழி விடும்."

"இதை அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லேன். நான் பெட்டிக்குள்ள போய்ப் படுத்துக்கறேன்."

வெயில் ஏற ஏற மெழுகு இளகத் தொடங்கியது. இரண்டு கையிலும் அடைகளை ஏந்தியிருந்த நேரம் பார்த்து, மூன்றாவது அடை ஒன்று மெல்ல வழுக்கி இறங்கியது. விழுந்தால் அத்தனை குஞ்சும் தேனில் முங்கிப்போகும். தேனீக்காரர் யோசிக்கவில்லை. அப்படியே திரும்பி, தம் பின்பக்கத்தை முட்டுக் கொடுத்து அடையைச் சுவரோடு சுவராக நிறுத்தினார். இத்தனை வருட அனுபவத்தில் அவர் தொழிலுக்கு அந்த உறுப்பையும் பயன்படுத்தியது அன்றைக்குத்தான். கைகளைக் காலி செய்துவிட்டு அந்த அடையையும் பத்திரமாக எடுத்து வைத்தார். தம்மை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை நிலைக்கவில்லை. எல்லா அடையும் பெட்டிக்குள் போயும், தேனீக்கள் போகவில்லை. ராணி இல்லாத பெட்டி டிரைவர் இல்லாத பஸ் மாதிரி. ஏறியவையும் இறங்கி அறை முழுக்கச் சுற்றின. சுவருக்குள் டார்ச் அடித்தார், துணியை உதறினார், அடைகளை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். ராணியைக் காணோம்.

கதவுக்கு வெளியே தையற்காரம்மா தொண்டையைச் செருமினார். "மதியம் ஆயிடுச்சுங்க."

"ஆமாம்மா." தேனீக்காரருக்குக் குரல் இறங்கிப்போயிற்று. தோற்றது பெரிதில்லை, தோற்பது அவருக்குப் பழக்கம்தான். காலையில் உள்ளங்கையில் உணர்ந்த அந்தக் கதகதப்புதான் மனசை என்னவோ செய்தது. "மாப்ளே, டேங்க்கை மாட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு, களைத்துப்போய் மெஷின் முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்காரப் போனார்.

"மாமா! உட்காராதீங்க!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மச்சான் கத்திய கத்தலில் தேனீக்காரர் பாதி வளைந்தபடியே நின்றுவிட்டார்.

"ஏன்டா?"

"பின்னாடி... உங்க பேண்ட்ல ஒரு கொத்தா மொய்ச்சிருக்கு. நடுவுல நீளமா ஒண்ணு நடக்குது. அவசரமே இல்லாம."

முட்டுக் கொடுத்த நேரத்தில் ராணி வண்டி மாறியிருக்கிறாள்.

"அசைய மாட்டேன். நீ வா. அங்க கிடக்கிற வலைத்தொப்பியை மாட்டிக்கோ. பையில கிளிப் மாதிரி ஒரு கூண்டு இருக்கு, அதால மெதுவா மூடு."

"நானா? நான் இதுங்களைக் கொன்னுதான் மாமா பழக்கம்!"

"இன்னைக்கு ஒரு நாள் பழக்கத்தை மாத்திக்கோ. இடுப்பு புடிச்சுக்கப் போகுது."

மச்சான் உள்ளே வந்து மண்டியிட்டான். கூண்டை மெல்ல விரித்தான். கதவிடுக்கு வழியாகப் பார்த்த தையற்காரம்மா, வயதான ஓர் ஆள் வளைந்து நிற்பதையும், இன்னோர் ஆள் அவர் பின்பக்கத்தை மூச்சுவிடாமல் உற்றுப் பார்ப்பதையும் கண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சீக்கிரம்டா."

"இதுக்கு அவசரம் இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க... ஆங், மாட்டிக்கிச்சு!"

கூண்டைப் பெட்டிக்குள் வைத்ததும் அறையின் சத்தமே மாறியது. முதலில் சில, பிறகு பத்திருபது, அப்புறம் கொட்டிய தானியம் தானாகவே மூட்டைக்குள் திரும்புவதுபோல், எல்லாம் வரிசை கட்டிப் பெட்டிக்குள் நடந்தன. சில மட்டும் வாசலில் நின்று, பின்பக்கத்தைத் தூக்கி, இறக்கையால் விசிறி மற்றவற்றைக் கூப்பிட்டன. மச்சான் மண்டியிட்ட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

பெட்டியை வெளியே, தேனீக்கள் வந்துபோகும் சுவர் ஓட்டைக்கு அருகே வைத்தார்கள்.

"கிளம்பலாமா?" என்றான்.

"பெட்டி இருட்டற வரைக்கும் இங்கதான் இருக்கணும். மேயப் போனதுங்க திரும்பி வரணும் இல்ல? நீ கிளம்பு மாப்ளே, உன் வேலை கெட்டுப்போச்சு."

மச்சான் டேங்க்கைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நீங்க போய் மூஞ்சி கழுவுங்க மாமா, நான் இருக்கேன். இப்படியே விட்டுட்டுப் போனா, எவனாவது வந்து மருந்து அடிச்சிடுவான்."